தலைகீழாய்த் தொங்குவோன்

ரி. எஸ். எலியற் 1922ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாழ்நிலம்' என்னும் நெடும்பாட்டின் முதற்பகுதியிலே சீட்டுப் பரப்பிக் குறிசொல்லும் பெண்ணொருத்தி வருகின்றாள். அவள் எடுத்த சீட்டுகளுள் 'தொங்கும் மனிதன்' மட்டும் அகப்படவில்லை. பாட்டு உபநிடத மரபின் சாந்தி மொழியோடு முடிதலின், அதனைக் கற்பிக்கும் இந்து ஆசிரியர்க்கு ஒருவகை உரிமையுணர்ச்சி தோன்றுதல் இயல்பு. அவ்வுணர்ச்சியே என்னை வழுவச் செய்தது. தாரோ எனப்படும் அச்சீட்டுகள் பண்டை எகிப்தியரின் ஞானநூல் என்றும், தலைகீழாய்த் தொங்குவோன் தவசி ஒருவனே என்றும் பல்லாண்டு மாணவர்க்குக் கூறிவந்தேன். வேர் மேலும் கிளை கீழுமாகக் கீதை கூறும் அரசமரத்தையும் துணைக்கு அழைத்தேன். "இதற்குச் சான்று யாது, ஐயா?" என மாணவன் ஒருவன் வினவிய பின்னரே ஆராயப் புகுந்தேன்.

தாரோ முதலில் விளையாட்டுச் சீட்டேயாம். வாள், தடி, கிண்ணம், நாணயம் என்னும் நான்கு இனங்களில் 56 சீட்டுகளும், அவற்றின் வேறாக 22 படச்சீட்டுகளும் சேர்ந்து 78 ஆகும். நம்மூரில் 304 ஆடுவோர் துரும்பு இன்னதென அறிவர். அங்கே ஆட்டந்தோறும் துரும்பு மாறும். தாரோவிலோ கோமாளி ஒழிந்த 21 படச்சீட்டுகளும் நிலையான துரும்புகள். இவ்விளையாட்டு பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியிலே தோன்றியது. குறிசொல்லும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேதான் பரவியது என்பதை ஒக்ஸ்போட் மெய்யியலாளர் மைக்கல் டமெற் 1980இல் வெளியிட்ட பெருநூலில் விரிவாக நிறுவினார்.

அவ்வாறாயின் அக்கால இத்தாலியர் பன்னிரண்டாம் சீட்டில் யாரைக் கண்டனர்? துரோகியைக் கண்டனர். 'துரோகி' என்பதே இத்தாலியில் அச்சீட்டுக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று. நாட்டைக் காட்டிக்கொடுத்தவனையும் கடன் தீர்க்காது ஓடினவனையும் பொதுச் சுவர்களிலே ஒற்றைக்காலில் தலைகீழாய்த் தொங்குமாறு வரைந்து இழிவுபடுத்துதல் அந்நகரங்களின் வழக்கம். ஆள் அகப்படாவிடினும் மானம் அகப்பட்டது! 1440இல் அங்கியாரிப் போருக்குப் பின்னர்ப் புளோரன்ஸ் நகரில் கிளர்ச்சிக்காரரை இங்ஙனம் வரைந்த ஓவியர் அந்திரேயா தெல் கஸ்தாஞோவுக்குத் 'தூக்கிடப்பட்டோரின் அந்திரேயா' என்னும் பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. இச்சீட்டுக்கட்டைப் பற்றி நமக்குக் கிட்டும் மிகப் பழைய குறிப்பும் அதே நகரில் அதே ஆண்டிற்கு உரியதாதல் கருதத்தக்கது.

இன்னும் ஒன்றுண்டு. முசியோ அத்தெந்தோலோ ஸ்பொர்சா என்னும் படைத்தலைவன் தன்னை விட்டு எதிரிபாற் சென்றான் எனச் சினந்து, எதிர்ப்பாப்பரசராகிய இருபத்துமூன்றாம் ஜோன் 1412இல் அவனது உருவத்தை உரோமாபுரியில் இவ்வாறே தொங்கவிட்டு வரைவித்தார். அவன் மகன் பிரான்செஸ்கோ பின்னர் மிலான் நகரின் கோமகனானான். அக்குடும்பத்துக்காகப் பொன் பூசித் தீட்டிய சீட்டுக்கட்டில் இன்று 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. அவற்றுள் தொங்குவோனும் ஒருவன். தந்தைக்கு நேர்ந்த அவமானத்தை மைந்தன் எவ்வாறு நோக்கினானோ! பாரிசிலுள்ள வேறொரு பழங்கட்டில் தொங்குவோன் இரு கைகளிலும் பணப்பைகளைப் பற்றியிருக்கின்றான். முப்பது வெள்ளிக்காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசை அது நினைவூட்டும்.

எகிப்துக் கதை 1781இலே பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலன், தாரோ எகிப்தியரின் மறைநூல் என அவ்வாண்டு எழுதினார். தொங்குவோன் உண்மையில் ஒரு காலில் நிற்கும் 'விவேகம்' என்றும், சீட்டு அச்சிட்டவன் அறியாமையால் தலைகீழாக்கிவிட்டான் என்றும் அவர் கொண்டார். எகிப்திய எழுத்தைச் சம்பொலியன் வாசித்தறிந்ததோ 1822இல். வாசிக்கவியலாத எழுத்தைச் சான்றாக்கிய கொள்கையையே யானும் வகுப்பறையில் ஓதிவந்தேன்.

இக்காலத்தவர் பெரிதும் அறிந்த படம் 1909இல் இலண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வேட் வெயிற் கருத்துரைக்கப் பமெலா கோல்மன் சிமித் அம்மையார் தீட்டினார். அதில் தூக்குமரம் பட்ட மரமன்று. இலை தளிர்த்த உயிர்மரம். தொங்குவோன் நீலச்சட்டையும் செந்நிறக் காலுடையும் அணிந்துள்ளான். வலது கால் கட்டுண்டிருக்க, மடங்கிய இடது கால் அதனோடு சிலுவை வடிவாகின்றது. கைகள் முதுகின்பின் உள்ளன. தலையைச் சூழ்ந்து பொன்னிற ஒளிவட்டம்! முகத்தில் வேதனை இல்லை. ஆழ்ந்த ஒடுக்கமே உள்ளது. இறப்பன்று, உயிர் இடைநிற்கும் நிலையே இது என வெயிற் விளக்கினார். இதனால், விரும்பி ஏற்ற தியாகம், காத்திருத்தல், உலகை மறுபுறமாய்க் காணல் என்பன அச்சீட்டின் பொருள்களாயின.

பழம்பொருளே மெய், புதியது பொய் என இகழ்தல் தகுமோ? தகாது என்பது என் கருத்து. ஓவியர் ஒளிவட்டத்தை வேண்டுமென்றே வரைந்தார். அப்படத்திற்கு அப்பொருள் உரியதே. ஆயின் அதனைப் பதினைந்தாம் நூற்றாண்டுச் சீட்டின்மேல் ஏற்றுதல் பிழை. எலியற் இவ்விடயத்தில் நேர்மையாளர்: தாரோக் கட்டின் அமைப்பைத் தாம் திட்பமாக அறியார் எனத் தம் குறிப்பிலே ஒப்புக்கொண்டு, மானிடவியலார் பிறேசர் கூறிய 'தொங்கவிடப்பட்ட தெய்வம்' தம் மனத்தில் அச்சீட்டோடு இயைந்ததாக உரைக்கின்றார். அங்ஙனமாயின் அது மூன்றாம் பொருள். அவர் பாட்டுக்கு மட்டும் உரியது.

இப்போது அப்பாட்டைக் கற்பிக்குங்கால் மிலான் கட்டின் படத்தையும் 1909ஆம் ஆண்டுப் படத்தையும் அருகருகே வைத்துக் காட்டுகின்றேன். யான் வாய் திறக்குமுன்னரே, "முதற்படத்தில் ஒளிவட்டம் இல்லையே, ஐயா!" என்று மாணவர் கூறிவிடுகின்றனர்.