செய்தி சொன்னவருக்கா சிறை?



ஆயர் ஈத்தாமில் மலை ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் கொடிமலை தெரியும். மலாயில் அதற்குப் பெயர் புக்கிட் பெண்டேரா. 2008ஆம் ஆண்டில் அந்தப் பெயர் நாடெங்கும் அடிபட்டது. அந்தப் பெயரைத் தாங்கிய அம்னோ தொகுதியின் தலைவர் பேசிய பேச்சும், அதைச் செய்தியாக எழுதிய பெண் நிருபரின் கைதுமே அதற்குக் காரணம்.

ஒரு பத்திரிகையாளரை அதிகாரம் எப்படி நெருக்குகிறது என்று கேட்பவர்களுக்கு நம் பினாங்கிலேயே பாடம் இருக்கிறது. அதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

2008 ஆகஸ்டு 26ஆம் தேதி பெர்மாத்தாங் பாவ் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். அன்வார் இப்ராஹிம் போட்டியிட்டதால் நாடே கவனித்த தேர்தல் அது. பிரசாரக் கூட்டம் ஒன்றில் புக்கிட் பெண்டேரா அம்னோ தலைவர் அகமட் இஸ்மாயில் பேசினார். சீனர்கள் இந்த நாட்டில் ஒண்ட வந்தவர்கள் என்று பொருள்படும் சொல்லை அவர் பயன்படுத்தியதாக 'சின் சியூ' சீன நாளிதழில் செய்தி வந்தது. எழுதியவர் நிருபர் தான் ஹூன் செங்.

ஆளும் கூட்டணியில் இருந்த ம.சீ.ச.வும் கெராக்கானும் கொதித்தன. தம் பேச்சு திரித்துக் கூறப்பட்டது என்றார் அகமட். செய்தி சரியானதே என்று நாளிதழ் உறுதியாக நின்றது. செப்டம்பர் 10ஆம் தேதி அம்னோ அவரை மூன்றாண்டுகளுக்குக் கட்சிப் பொறுப்புகளிலிருந்து இடைநீக்கம் செய்தது.

பிரச்சினை தீர்ந்தது என்று மக்கள் நினைத்தார்கள். இரண்டே நாளில், செப்டம்பர் 12 வெள்ளிக்கிழமை இரவு, புக்கிட் மெர்தாஜாமில் நிருபரின் வீட்டுக்குப் போலீசார் வந்தனர். அவரை 'இசா' எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கைது செய்தனர். அதே நாளில் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் தெரேசா கொக்கும் இணைய எழுத்தாளர் ராஜா பெட்ராவும் அதே சட்டத்தில் கைதானார்கள்.

'பாதுகாப்பு' என்றால் என்ன?

நிருபரின் உயிருக்கு மிரட்டல் இருந்தது, அவருடைய பாதுகாப்புக்காகவே தடுத்து வைத்தோம் என்று அப்போதைய உள்துறை அமைச்சர் சைட் ஹமிட் அல்பார் விளக்கம் தந்தார்.

இந்த விளக்கத்தை நாம் ஆற அமர யோசிக்க வேண்டும். வீட்டுக்குத் திருடன் வரப்போகிறான் என்று போலீசில் சொன்னால், திருடனைத் தேடுவார்களா, வீட்டுக்காரரைக் கொண்டுபோய் அடைப்பார்களா? மிரட்டல் உண்மை என்றால் மிரட்டியவரைப் பிடிப்பதுதானே முறை?

இசா சாதாரணச் சட்டமும் அல்ல. 1960இல் கம்யூனிஸ்டு ஆயுதப் போராட்டத்தை மனத்தில் வைத்து இயற்றப்பட்டது. நீதிமன்ற விசாரணை இன்றி 60 நாள் வரை போலீஸ் காவலில் வைக்கலாம். அதன்பின் அமைச்சர் கையெழுத்திட்டால் இரண்டாண்டு. அதையும் திரும்பத் திரும்ப நீட்டிக்கலாம். அந்த நேரத்தில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் இதே சட்டத்தின் கீழ்க் கமுந்திங் முகாமில் இருந்ததை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கைதை ஆளும் கூட்டணியில் இருந்தவர்களே கண்டித்தார்கள். மறுநாளே நிருபர் விடுதலையானார். சட்டத்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் சைட் இப்ராஹிம், இசா பயன்படுத்தப்பட்ட விதத்தை எதிர்த்து, செப்டம்பர் 15ஆம் தேதி பதவி விலகினார்.

கண்ணுக்குத் தெரியாத கயிறு

கைது ஊருக்கே தெரியும். தெரியாத நெருக்குதல் ஒன்று உண்டு. அதுதான் உரிமம். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி, உள்துறை அமைச்சின் அனுமதி இன்றி நாளிதழ் நடத்த முடியாது. அன்று அந்த அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தான் ஹூன் செங் கைதான அதே சமயத்தில் சின் சியூ உட்பட மூன்று ஏடுகளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது.

சின் சியூவுக்கு இது புதிதல்ல. 1987 அக்டோபரில் 'ஓப்பராசி லாலாங்' நடவடிக்கையில் 106 பேர் கைதானபோது, அந்த ஏடும் 'தி ஸ்டார்', 'வாத்தான்' ஏடுகளும் மூடப்பட்டன. மீண்டும் வெளிவர 1988 ஆயிற்று.

நம் தமிழ் ஏடும் தப்பவில்லை. இண்ட்ராப் செய்திகளை விரிவாக வெளியிட்டு வந்த 'மக்கள் ஓசை'யின் அனுமதியைப் புதுப்பிக்க 2008 ஏப்ரலில் அமைச்சு மறுத்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகே அனுமதி கிடைத்தது. ஏடு நின்றால் நிருபர் முதல் அச்சகத் தொழிலாளர் வரை அத்தனை பேருக்கும் சம்பளம் நிற்கும். ஆகவே ஆசிரியர் பேனாவை எடுக்கும்போதே கை தயங்கும். அப்படி எழுதப்படாமல் போன செய்திகளை யாரும் எண்ணிக் கணக்குச் சொல்ல முடியாது.

இன்று எப்படி?

2012இல் இசா நீக்கப்பட்டது. ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் முறையும் அதே ஆண்டில் போனது. ஆனால் உரிமம் பெற வேண்டும் என்ற விதியும், 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டமும் இருக்கின்றன. வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக 2021இல் 'மலேசியாகினி' இணைய ஏட்டுக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. நெடுநாள் கோரிக்கைக்குப் பின் 2025இல் ஊடக மன்றச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்த மன்றம் பத்திரிகையாளருக்கு எவ்வளவு துணை நிற்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

இலங்கையில் அனுமனைக் கொல்லும்படி இராவணன் ஆணையிட்டபோது, தூது வந்தவனைக் கொல்வது அறமல்ல என்று தடுத்தவன் அவன் தம்பி விபீஷணன்தான். 2008இலும் அப்படித்தான் நடந்தது. உள்ளிருந்தவர்களே வாய் திறந்தார்கள், வெளியே மக்களும் சும்மா இருக்கவில்லை. வாசகர்களாகிய நாம் செய்யக்கூடியதும் அதுதான். செய்தி தவறு என்றால் மறுப்பு எழுதுவோம், வழக்கும் போடுவோம். ஆனால் எழுதியவரை இரவில் வந்து கூட்டிப் போனால், அவர் எந்த மொழி ஏட்டில் எழுதுகிறவர் என்று பார்க்காமல் கேள்வி கேட்போம். இன்று சீன ஏட்டுக்கு வந்தது நேற்றுத் தமிழ் ஏட்டுக்கு வந்ததுதானே!