மத்தியானம் நிற்கும் டிக்கி விடியற்காலையில் விழுவது ஏன்?

"மத்தியானம் தூக்கிவிட்டா அப்படியே நிக்குதுண்ணே. விடியக்காலைல பூ மூட்டை ஏத்தும்போது மட்டும் தலையில வந்து விழுது." வில்லாபுரத்தில் பழைய வேன் ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டது இது. டிக்கி ஷாக் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதில் தப்பில்லை. ஆனால் போன ஷாக் மத்தியானம் மட்டும் எப்படித் தாங்குகிறது?

ஷாக் என்று நாம் சொல்லும், டிக்கியின் இருபுறமும் உள்ள கறுப்புக் குழாய்க்குள் சுருள்வில் எதுவும் கிடையாது. நைட்ரஜன், சிறிது எண்ணெய், கம்பியோடு சேர்ந்த ஒரு பிஸ்டன், அவ்வளவுதான். வாயுவின் அழுத்தம் 100 பார் அளவில் இருக்கும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். பிஸ்டனில் சிறு துளை உண்டு. வாயு அதன் வழியே இருபக்கமும் போய்வருவதால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். அப்படியானால் கம்பியை வெளியே தள்ளுவது எது?

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஒரு கதவை நிறுத்தி, இரு பக்கமும் ஒரே நெரிசல் என்று வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் கதவோடு ஒட்டி ஒரு தூண் நிற்கிறது. தூண் மறைத்த இடத்தில் யாரும் கைவைத்துத் தள்ள முடியாது. கதவு தூண் பக்கமாக நகரும். அந்தத் தூண்தான் கம்பி. வெயில் ஏற ஏறத் தள்ளுமுள்ளு கூடும். வாசலில் நிற்கும் காவலர், கம்பி வெளிவரும் வாயை அடைக்கும் ரப்பர் சீல். வருடக்கணக்கில் நின்று அவர் தளர்ந்தால் ஆட்கள் ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள்.

8 மி.மீ. கம்பி என்றால் குறுக்குப் பரப்பு சுமார் 50 சதுர மி.மீ. 100 பாரில் அது ஏறக்குறைய 50 கிலோ எடையைத் தூக்கும். இந்த விசை வெப்பத்தோடு மாறும். மார்கழி விடியலின் 20 டிகிரிக்கும், வெயிலில் நின்று குழாய் காயும் 50 டிகிரிக்கும் இடையே சுமார் 10 சதவீத வித்தியாசம். வாயு கசிந்து விளிம்பில் நிற்கும் ஷாக்கை மத்தியான வெயில் தாங்கிப் பிடிக்கிறது, விடியற்காலை கைவிடுகிறது.

வரலாறு ஒரு வரி: ஜெர்மனியின் ஸ்டாபிலஸ் நிறுவனம் 1962-இல் இந்த வாயு ஷாக்கைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. நம் தெருக்களில் மேல்நோக்கித் திறக்கும் பின்கதவைப் பழக்கியவற்றில் ஒன்று 1984-இல் வந்த மாருதி வேன். பின்னாளில் ஆம்னி என்று பெயர் பெற்று 2019 வரை தயாரானது.

நைட்ரஜன் என்றதும் விளம்பரங்கள் ஏதோ அதிசயம்போலப் பேசுகின்றன. நாம் மூச்சிழுக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான். எண்ணெயோடு சேர்ந்து எரியாது, ஈரம் இல்லாமல் நிரப்பலாம் என்பதற்காகவே அதைத் தேர்ந்தார்கள். 'ஆயுட்கால உத்தரவாதம்' என்ற ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். ரப்பர் முதுமை அடையாமல் இருக்காது. கம்பியில் கிரீஸ் தடவினால் போன வாயு திரும்பாது. தூசியைத் துணியால் துடைப்பது மட்டும் சீலுக்கு நல்லது.

மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிதென்றால் கதவு முறுக்கிக்கொள்ளும். அதுவரை பூ மூட்டை ஏற்றுமுன் ஒரு உறுதியான தடியை முட்டுக்கொடுங்கள். கழற்றிய ஷாக் செத்தது அல்ல. தன் விசையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருந்தாலும் உள்ளே 80 பார் மிச்சம். அதை அறுப்பதோ நெருப்பில் போடுவதோ கூடாது என்று பழைய இரும்புக் கடைக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள்.