தலையில் காந்தம் வைத்தால் உடம்பு இளைக்குமா?

மூளையைத் தூண்டினால் எடையும் குறையும், மனமும் தேறும் என்று சொல்லும் காணொலிகள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகின்றன. நெகிரி செம்பிலான் தோட்டத்து மக்களுக்கு எழக்கூடிய சந்தேகங்கள் சிலவற்றுக்கு விளக்கம்.

மண்டையில் கரண்டு வைப்பதுதானே இது?

அது வேறு. சினிமாவில் காட்டும் அந்த மின்அதிர்ச்சி சிகிச்சையே இன்று மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்யப்படுகிறது. இப்போது பேசப்படுவது காந்தத் தூண்டல். பெரும்பாலும் தலையின் இடது முன்பக்கத்தில் காந்தச் சுருளை வைத்து, மூளைக்குத் துடிப்புகளை அனுப்புவார்கள். ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும், விழித்தபடியே உட்கார்ந்திருக்கலாம். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். வலிப்பு உள்ளவர்களும் தலைக்குள் உலோகம் பொருத்தியவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எடை குறையுமா?

அதற்கான சிகிச்சை அன்று இது. 2008இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வுக்குத்தான். தின்னும் வேட்கை தணிந்ததாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன, அவ்வளவே. மூளையைத் தூண்டும் என்று இணையத்தில் விற்கும் பேட்டரிப் பட்டையை வாங்கும் காசுக்கு மீன் வாங்கலாம்.

மாத்திரை எடுத்ததிலிருந்துதான் உடம்பு ஊதிவிட்டது. நிறுத்திவிடலாமா?

புகார் நியாயமானது. மனநோய்க்குத் தரப்படும் ஓலன்சபின், குளோசபின் போன்றவை பசியைக் கூட்டும், எடையை ஏற்றும். “நீதான் அளவில்லாமல் தின்கிறாய்” என்று வீட்டில் திட்டுவது அநியாயம். ஆனாலும் நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். எத்தனை கிலோ ஏறியது, எந்த மாதத்திலிருந்து என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வழி இருக்கலாம். இனிப்பு நீர், கொழுப்புப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். இடையில் மாத்திரையை விட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

பட்டினி கிடந்தால்?

வெறும் வயிற்றோடு பெரட்டுக்குப் போய், வெயிலில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிறவர் மத்தியானம் இரண்டு மடங்கு சாப்பிடுவார். பட்டினியைவிட, நாளுக்கு நாலு தே தாரிக்கில் போகும் கெட்டிப் பாலைக் குறைப்பது பலன் தரும். 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், மனச்சோர்வு உள்ள 67 பேரில் ஒரு பாதியினருக்குக் காய்கறி, பருப்பு வகை, மீன், முழுத்தானியம் கொண்ட உணவுமுறையைப் 12 வாரம் பழக்கினார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறினார். மற்றவர்களில் தேறியவர்கள் 8 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், அதிலும் எடை குறையவில்லை, மனம்தான் தெளிந்தது.

கிளினிக்கில் சொன்னால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ?

அந்தப் பயம் பழையது. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு டாக்டரைப் பார்க்கலாம், எடையோடு மனநிலையையும் பரிசோதிக்கச் சொல்லலாம். தேவைப்பட்டால் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே நம் நாட்டில் அதிக எடை, 27.5 என்றால் பருமன். 2023 தேசியக் கணக்கெடுப்பில், இதைவிட உயர்ந்த உலக அளவுகோலின்படியே பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையிலோ பருமனிலோ இருந்தார்கள். ஆகவே கூச்சப்பட ஒன்றுமில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழையுங்கள், அல்லது நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.