மூலைக்கு மூலை 50 அடி

30க்கு 40 மனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு; பலருக்கு அது தெரியாது. மனையின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தால் 50 அடி வர வேண்டும். மறு குறுக்கிலும் அதே 50. 30 அடிப் பக்கம் 1 அங்குலம் சாய்ந்திருந்தாலும், இரண்டு குறுக்களவுக்கும் நடுவே ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான். மூலையில் ஆணி அடித்து, ஒரு நூலில் 3 அடியும் மறு நூலில் 4 அடியும் குறித்து, இரண்டு குறிக்கும் இடையே 5 அடி வரும்வரை நூலை நகர்த்துவார். பித்தாகரஸ் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 5 அடியில் கால் அங்குலம் பிசகினால் போதும். 3 அடி நூலை 30 அடிக்கு நீட்டும்போது சுவர் 3 அங்குலம் விலகிப் போயிருக்கும். முக்கோணம் சின்னதாக இருந்தால் பிழை கட்டடத்தோடு சேர்ந்து வளரும். அதனால்தான் விவரமான மேஸ்திரிகள் 6, 8, 10 என்று இரட்டித்து எடுப்பார்கள். மார்க்கிங் முடிந்ததும் குறுக்களவையும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள்.

சிவில் படித்துவிட்டு சைட்டுக்கு வரும் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். கல்லூரியில் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைத் தொட்டிருப்பார்கள். திரையில் மில்லிமீட்டர் வரை எண் வரும்போது நம்பத்தான் தோன்றும். தப்பான புள்ளியின் மேல் நிறுத்தினாலும் அது மில்லிமீட்டர் சுத்தமாகத்தான் சொல்லும். சந்தேகப்படும் பழக்கத்தைக் கருவியோடு சேர்த்து யாரும் விற்பதில்லை.

முளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தூண் வரும் இடத்தில் அடித்த முளை, குழி தோண்டியதும் மண்ணோடு போய்விடும். ஆகவே சென்டர் லைனை இருபுறமும் நீட்டி, ஜேசிபி எட்டாத தூரத்தில் முளை அடித்து, சுற்றிலும் கான்கிரீட் போட்டு வைப்பார்கள். என் முதல் சைட்டில் கான்கிரீட் போடாமல் விட்ட முளை ஒன்றை மணல் லாரி உரசிவிட்டுப் போனது. முளை நிமிர்ந்துதான் நின்றது. நானும் அதை வைத்தே நூல் கட்டினேன். வயதான கொத்தனார் ஒருவர்தான், "தம்பி, அந்தப் பக்கத்துத் தூணிலிருந்து ஒருதரம் அளந்து பாருங்க" என்றார். 2 அங்குலம் தள்ளியிருந்தது. அன்று காலை கம்பி மட்டும்தான் வந்து இறங்கியிருந்தது, பிழைத்தேன்.

மட்டம் பார்ப்பதிலும் இதே கதை. டியூப் லெவல் பொய் சொல்லாது, குழாய்க்குள் காற்றுக்குமிழி இல்லாதவரை. ஆட்டோ லெவலில் பார்வைக்கோடு இம்மியளவு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கலாம். கருவியை ஸ்டாஃப் எனும் அளவுகோல் நிற்கும் இரண்டு இடங்களுக்கும் நட்டநடுவே வைத்தால் இரண்டு ரீடிங்கிலும் ஒரே அளவு கூடும். கழிக்கும்போது பிழை அடிபட்டுப்போகும். பூமியின் வளைவுகூட 1 கிலோமீட்டருக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வரும். அதுவும் இப்படியே கழிந்துவிடுகிறது. எனக்குப் பிடித்த தந்திரம் இது. கடைசியில், தொடங்கிய பெஞ்ச் மார்க்குக்கே, அதாவது உயரம் தெரிந்த அந்தப் புள்ளிக்கே, திரும்பி வந்து ரீடிங் எடுக்க வேண்டும். கிளம்பிய உயரமே கிடைத்தால்தான் நடுவில் எடுத்தவை செல்லும்.

அந்த பெஞ்ச் மார்க்கின் உயரம் எந்தக் கடல் மட்டத்திலிருந்து எண்ணப்பட்டது என்பதும் முக்கியம். ரைன் நதியின் குறுக்கே லவுஃபென்பர்க்கில் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் இரு கரையிலிருந்தும் பாலம் கட்டிக்கொண்டு வந்தன. ஜெர்மனியின் உயரக் கணக்கு ஆம்ஸ்டர்டாமை ஒட்டியது. சுவிட்சர்லாந்தின் கணக்கு மத்தியதரைக் கடலை ஒட்டியது. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்ததுதான். திருத்தம் செய்யும்போது கூட்டலும் கழித்தலும் இடம் மாறிவிட்டன. 27 சென்டிமீட்டர் நீங்குவதற்குப் பதில் 54 ஆகி நின்றது, 2003இல்தான் கண்டுபிடித்தார்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் நம் சென்னைப் பரங்கிமலை அருகே வேலை செய்த நில அளவையாளர் லாம்ப்டன், அளந்ததைச் சரிபார்ப்பதில் கெட்டிக்காரர். 1802இல் 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கோணம் எடுத்துக்கொண்டே பெங்களூர் வரை போனார். அங்கே கணக்கை நம்பி நிற்கவில்லை. 1804இல் இன்னொரு கோட்டைத் தரையில் சங்கிலி போட்டு அளக்கச் செய்தார். கணக்கில் வந்த நீளத்துக்கும் தரையில் வந்த நீளத்துக்கும் வித்தியாசம் சில அங்குலங்களே.

வீடு கட்டப்போகிறவர்கள் மார்க்கிங் நாளன்று பூஜை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். டேப்பின் ஒரு முனையைப் பிடித்து இரண்டு குறுக்கையும் அளந்து பாருங்கள். மேஸ்திரி கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல மேஸ்திரியாக இருந்தால் மறுமுனையை அவரே பிடிப்பார்.