வட்டத்துக்கு அனுமதி இல்லை!

சத்தம் போடாமல் வாங்க! 2024 தொடக்கம், நியூசிலாந்தின் ஆக்லாந்து. எல்லாமே சதுரக் கட்டிகளால் ஆன மைன்கிராஃப்ட் வீடியோகேமைப் படமாக்கும் ‘எ மைன்கிராஃப்ட் மூவி’ படப்பிடிப்பு. மேக்கிங் வீடியோக்களும் பேட்டிகளும் திறந்துவிட்ட பின்வாசல் வழியே உள்ளே வந்துவிட்டோம்.

அடேயப்பா, மரம் சதுரம், புல்தரை சதுரம், வீடும் சதுரம்! எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தலையில் கட்டாமல், நிறைய செட்டுகளை நிஜமாகவே எழுப்பியிருக்கிறார்கள். பொறுப்பு கிராண்ட் மேஜர். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்றாம் படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். ஹாபிட்டுகளுக்கு வட்டக் கதவு வைத்த மனுஷனுக்கு இங்கே வட்டமே ஆகாது!

ஸ்டீவாக நடிக்கும் ஜேக் பிளாக் எங்கே? அட, மைன்கிராஃப்ட் ஆடிக்கொண்டிருக்கிறார்! படக்குழுவுக்கென்றே தனி சர்வர். அதில் இருப்பதிலேயே உயரமான மலையாகப் பார்த்துப் பிடித்து, உச்சியில் மாளிகை எழுப்பி, ஏறிப்போகப் படிக்கட்டு வைத்து, உள்ளே ஓவியக்கூடமும் அமைத்துவிட்டார். இப்படி ஆடித் திளைத்தவர்கள் எடுத்ததால்தான் படத்தில் ரசிகர்களுக்கான கண்சிமிட்டல்கள் ஒட்டவைத்த மாதிரி தெரிவதில்லை என்பேன்.

இந்தப் பக்கம் பாருங்கள், குஞ்சம் தொங்கும் ரோஸ் ஜாக்கெட்டில் ஜேசன் மோமோவா! கதைப்படி 1989-இன் வீடியோகேம் சாம்பியன், இன்னும் அந்த வருஷத்தைவிட்டு வெளியே வராத ஆசாமி. குத்துச்சண்டை வளையத்தில் இவர் மோத வேண்டிய எதிரி, கோழிமேல் சவாரி வரும் குட்டி ஜாம்பி. எதிரி பிறப்பதென்னவோ கிராஃபிக்ஸில்தான். அடிவாங்கி விழுகிற முகபாவம் மட்டும் இவர் பொறுப்பு. பாவம்!

படத்தின் கண்சிமிட்டல்களில் எனக்குப் பிடித்தது ஒன்று. கிரீடம் வைத்த ஒரு பன்றி, வந்த வேகத்தில் போய்விடுகிறது. புற்றுநோயால் 2022-இல் 23 வயதில் மறைந்த மைன்கிராஃப்ட் யூடியூபர் டெக்னோபிளேடுக்கு அஞ்சலி அது. தெரியாதவருக்கு வெறும் பன்றி. தெரிந்தவருக்குத் தொண்டை அடைத்துவிடும்.

2025 ஏப்ரலில் படம் வெளியானதும் கூத்து தியேட்டருக்கு மாறியது. விளையாட்டில் அபூர்வமாகவே தலைகாட்டும் அந்தக் கோழிச் சவாரியைப் பார்த்து ஸ்டீவ் “சிக்கன் ஜாக்கி!” என்று கத்த வேண்டியதுதான் தாமதம், பாப்கார்ன் மழை! அமெரிக்காவில் ஒரு தியேட்டருக்கு உயிருள்ள கோழியே வந்துவிட்டது. சில தியேட்டர்கள் போலீஸைக் கூப்பிட்டன. தயாரிப்பு நிறுவனமோ மே மாதம், சேர்ந்து பாடிக் கத்தவென்றே தனிக் காட்சிகள் போட்டது. நாற்காலிக்கு அடியில் கைவிட்டுப் பாப்கார்ன் வாரிய ஊழியர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா, தெரியவில்லை.