சிவப்புக் கோடுகள் அழியவில்லை

2022 மே 14, சனிக்கிழமை பிற்பகல். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஜெபர்சன் அவென்யூவிலுள்ள டாப்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் 18 வயது வெள்ளையின இளைஞன் ஒருவன் பத்துக் கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றான். செத்தவர்களில் பெரும்பாலோர் மளிகை வாங்க வந்தவர்கள். நிறவெறியை அவன் இணையத்தில் படித்துத் தலையில் ஏற்றிக்கொண்டான் என்று எல்லோரும் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் கொல்லப் போகும் இடத்தை எப்படித் தேர்ந்தான்? தன் ஊரிலிருந்து காரில் போகக்கூடிய தூரத்தில் கறுப்பினத்தவர் மிகுதியாக வாழும் அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தேடினான், கிடைத்தது, சுமார் 320 கிலோமீட்டர் ஓட்டி வந்தான்.

அப்படித் தேடினால் கிடைக்கும்படி அந்த மக்களை ஓரிடத்தில் ஒதுக்கியது யார் என்பதே நம் கேள்வி. பதில் அரசாங்கத்திடம் இருக்கிறது. 1933இல் அமைந்த வீட்டுக்கடன் அரசு நிறுவனம் இருநூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கடன் கொடுக்க ஏற்ற பகுதிக்குப் பச்சை, ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. 1934இல் வந்த கடன் காப்பீட்டு நிர்வாகம் வெள்ளையர் புறநகர்களுக்குத் தாராளமாகக் கைகொடுத்தது. 1947இல் எழுந்த லெவிட்டவுன் என்ற புறநகரின் ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் தவிர வேறு யாரும் குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. பஃபலோவிலோ, மெயின் தெருவுக்குக் கிழக்கே மரங்கள் அடர்ந்திருந்த ஹம்போல்ட் பார்க்வேயைப் பெயர்த்துவிட்டு விரைவுச்சாலை போட்டார்கள். வியாபாரம் நசிந்தது. ஒரு சூப்பர் மார்க்கெட் வேண்டுமென்று அந்த மக்கள் பல வருஷம் போராடி, 2003இல்தான் டாப்ஸ் வந்தது. அக்கம்பக்கத்தில் வேறு பெரிய கடை இல்லாததால் சனிக்கிழமையன்று எல்லோரும் அங்கேதான் வந்தாக வேண்டும்.

1968இலேயே வீட்டுவசதிப் பாகுபாட்டைச் சட்டம் தடை செய்துவிட்டதே என்று கேட்கலாம். ஆனால் தனிநபர் புகார்களில் சமரசம் பேசுவதற்கு மேல் வீட்டுவசதித் துறைக்கு அதில் அதிகாரம் இல்லாமலிருந்தது. பல் முளைத்தது 1988 திருத்தத்தில். அதற்குள் வீட்டுமனையால் வளர்ந்த சொத்து ஒரு தலைமுறை கைமாறிவிட்டது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரி என்பதால் இந்த இடைவெளி வகுப்பறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தியர்கள் அமெரிக்கா போய் முன்னேறவில்லையா என்பது நம்மவர்கள் அடிக்கடி வைக்கும் வாதம். பகத்சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் 1923இல், இந்தியர் வெள்ளையரல்லர், குடியுரிமை கிடையாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்தபோது போனவர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள், இன்ஜினீயர்கள், பட்டதாரிகள். வடிகட்டி எடுத்த அவர்களோடு, வீட்டுக்கடன் மறுக்கப்பட்ட ஓர் இனம் முழுவதையும் ஒப்பிடுவது அநியாயம்.

பழைய கணக்கை இன்றைய தலைமுறை ஏன் தீர்க்க வேண்டும் என்பதுதான் கடினமான கேள்வி. லாபம் இன்றும் அனுபவிக்கப்படுகிறது, ஆகவே கடனும் இருக்கிறது என்பது என் பதில். இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரம் அதை ஏற்று, 1919 முதல் 1969 வரை அங்கே பாகுபாட்டுக்கு ஆளான கறுப்பினத்தவருக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் தலா 25,000 டாலர் தர முடிவெடுத்தது. 2024இல் அதை எதிர்த்து வழக்கு வந்தது. வழக்குப் போட்டவர்கள் கையிலெடுத்திருப்பது, அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களைக் காக்க 1868இல் கொண்டுவந்த 14ஆவது திருத்தத்தின் சமத்துவப் பிரிவை. அந்தத் திருத்தம் நீதிமன்றங்களில் பட்ட பாட்டை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.