காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருளா?

திருவிழாவில் பலூன் சுடும் காற்றுத் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். வெடிமருந்து இல்லை, வெறும் காற்றுதானே என்று எண்ணிவிடாதீர்கள்! குழலை மடக்கும்போது உள்ளே சுருள்வில் இறுகுகிறது. விசையை இழுத்ததும் வில் விடுபட்டு உந்துதண்டைத் தள்ளுகிறது; அழுத்தமுற்ற காற்று ஈயக் குண்டை வெளியே எறிகிறது.

அரை கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் ஆற்றல் ஐந்தரை ஜூலுக்கு மேல். இவ்வளவும் ஒரு மிளகளவு இடத்தில் தாக்குவதால் தோல் துளைபடும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சுவரில் பட்டுத் தெறிக்கும் குண்டும் ஆபத்தானதே.

2016-ஆம் ஆண்டின் இந்திய ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்படாத 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. அதனால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. பெரியவர் உடனின்றித் தொடாதீர்கள்; குண்டில்லை என்று நினைத்தாலும் யாரை நோக்கியும் நீட்டாதீர்கள்.